ஃப்ளை ராட்: விலை எங்கே ஏறுகிறது, எதற்காக ஏறுகிறது

இரண்டு ஃப்ளை ராட்களை, அதாவது பூச்சிபோலச் செய்த ஃப்ளை என்ற போலி இரையை வீசி மீன்பிடிக்கும் கோல்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 9 அடி நீளம், இரண்டும் 5-ம் எண் லைனுக்கு (வீசும் கயிறு) ஆனவை, இரண்டும் நான்கு துண்டாகக் கழற்றக்கூடியவை. ஒன்றின் விலை மற்றதைப்போல ஐந்து மடங்கு. தராசில் வைத்தால் இரண்டுக்கும் 20 கிராம் வித்தியாசம்கூட வராமல் போகலாம். எதில் சிக்கினோம் என்பது மீனுக்கும் தெரியப்போவதில்லை. அப்படியானால் கூடுதலாகக் கொடுத்த பணம் எங்கே போகிறது? கொஞ்சம் கார்பனுக்கு, கொஞ்சம் கூலிக்கு, கொஞ்சம் விளம்பரத்துக்கு. மிச்சத்தில் ஒரு பங்கு, நீங்கள் இனிமேல் உடைக்கப்போகும் துண்டுக்கான முன்பணம்.

இந்தக் கணக்கு புரியாமல் "எந்த பிராண்ட் நல்லது?" என்று கேட்பதில் பயன் குறைவு. ஒரே நிறுவனம் தன் உச்ச வரிசையிலும் தொடக்க வரிசையிலும் ஒரே பெயரைத்தான் பொறிக்கிறது. அந்த இரண்டுக்கும் பொருளிலும், செய்யும் தொழிற்சாலையிலும், உடைந்தால் கிடைக்கும் கவனிப்பிலும் இருக்கும் தூரம், இரண்டு போட்டி நிறுவனங்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிடப் பல நேரங்களில் அதிகம்.

ராட்டில் இருக்கும் எண்ணை யார் கொடுத்தது?

இறகும் நூலும் சுற்றிய ஃப்ளைக்கு வீசுமளவு எடை கிடையாது. வீசப்படுவது லைன்தான், ஃப்ளை அதன் வாலில் தொற்றிக்கொண்டு போகிறது. அதனால் லைனுக்கு எடையை வைத்தே எண் கொடுக்கிறார்கள். நுனிப்பக்கத்தின் முதல் 30 அடியை நிறுத்து, 5-ம் எண் என்றால் 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். 8-ம் எண் என்றால் 210 கிரெய்ன், சுமார் 13.6 கிராம். சில கிரெய்ன் முன்பின் போகலாம். அமெரிக்க மீன்பிடிக் கருவித் தயாரிப்பாளர் சங்கம் 1960களில் வகுத்த அளவுகோல் இது.

ராட்டுக்கு இப்படி ஓர் அளவுகோல் கிடையாது. ராட்டின் மேல் "5" என்று எழுதியிருந்தால், இது 5-ம் எண் லைனோடு நன்றாக வேலை செய்யும் என்று அதை வடிவமைத்தவர் நினைக்கிறார் என்றுதான் பொருள். சராசரி வீச்சாளரை மனதில் வைத்தாரா, 25 மீட்டர் வீசுகிறவரையா என்பது அந்த எண்ணில் தெரியாது. கடந்த முப்பது ஆண்டுகளில் விறைப்பான ராட்களுக்கு மவுசு ஏறியதால், பல நிறுவனங்களின் 5, பழைய கணக்கில் 6-ஐத் தொடுகிறது.

லைன் தயாரிப்பாளர்கள் இதைப் பார்த்துத் தங்கள் பங்குக்கு எடையைக் கூட்டினார்கள். ரியோ நிறுவனத்தின் கிராண்ட் வகை லைன், பெட்டியில் எழுதியுள்ள எண்ணைவிட ஒரு முழு எண் கனம். சயின்டிஃபிக் ஆங்லர்ஸின் எம்.பி.எக்ஸ். அரை எண் கனம். நிறுவனங்கள் இதை மறைக்கவில்லை, பெட்டியிலேயே எழுதுகிறார்கள், வாங்குகிறவர்தான் படிப்பதில்லை. ஒரு கடையில் ஒரு ராட்டை ஒரு லைனோடும், அடுத்த கடையில் அடுத்த ராட்டை வேறு லைனோடும் வீசிப் பார்த்துவிட்டு "இதுதான் மேல்" என்று முடிவுகட்டுகிறவர் பெரும்பாலும் லைனைத்தான் ஒப்பிட்டிருக்கிறார்.

நாணயப் பையும் ஒரு கோணமானியும்

ராட்டின் உண்மையான வலிமையை வீட்டிலேயே அளக்க ஒரு வழி இருக்கிறது. வில்லியம் ஹன்னமன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய 'காமன் சென்ட்ஸ்' முறை. பெயருக்கேற்ப அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களையே எடைக்கல்லாகப் பயன்படுத்துகிறார்; ஒவ்வொன்றும் 2.5 கிராம். ஒரே சீரான எடையுள்ள எந்த வில்லையும் ஒப்பீட்டுக்குப் போதும்.

ராட்டைப் பூட்டி, கைப்பிடியை மேசையோடு இறுக்கி, கோல் தரைக்கு இணையாக நிற்கும்படி செய்யுங்கள். நுனியின் உயரத்தைச் சுவரில் குறியுங்கள். ராட் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்தக் குறிக்குக் கீழே அளந்து இன்னொரு குறி போடுங்கள். 9 அடி ராட்டுக்கு அது 36 அங்குலம். இப்போது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கம்பிக் கொக்கியில் மாட்டி, லைன் ஓடும் வளையங்களில் கடைசியான நுனி வளையத்தில் தொங்கவிட்டு, நுனி கீழ்க்குறியைத் தொடும்வரை நாணயங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். பையும் கொக்கியும் சேர்ந்த மொத்த எடைதான் அந்த ராட்டின் வலிமை. ஒரே எண் எழுதிய இரண்டு ராட்களில் ஒன்று 100 கிராமிலும் மற்றது 125 கிராமிலும் அந்தக் குறியைத் தொட்டால், இரண்டும் ஒரே எண் அல்ல என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அதே நிலையில் நுனியில் ஓர் உறிஞ்சுகுழலைச் செருகி, அது தரைமட்டத்தோடு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று கோணமானியில் பாருங்கள். 59-க்குக் கீழே என்றால் ராட் அடிவரை வளைகிறது, மெதுவான ஆக்‌ஷன். 66-க்கு மேல் என்றால் வளைவு நுனியிலேயே அடங்கிவிடுகிறது, வேகமான ஆக்‌ஷன். இடைப்பட்டவை நடுத்தரம். பட்டியலில் 'மித வேகம்', 'அதி வேகம்' என்று அடுக்கும் சொற்களைவிட இந்த ஒரு கோணம் அதிகம் சொல்லும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இது நின்ற நிலையில் எடுக்கும் அளவு. வளைந்த ராட் எவ்வளவு சீக்கிரம் அடங்கி நிற்கும் என்பது இதில் வராது. விலை உயர்ந்த ராட்களின் உண்மையான பலமே அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது.

கார்பன் துணியிலிருந்து கோல்வரை

கைப்பிடி, வளையம் எதுவும் இல்லாத வெறும் கோலை பிளாங்க் என்பார்கள். பிசின் தோய்த்த கார்பன் துணியைக் கணக்கிட்ட வடிவில் கொடிபோல வெட்டி, கூம்பலான எஃகுக் கம்பியில் அழுத்திச் சுருட்டி, மேலே நாடாவை இறுக்கிச் சுற்றி, சுமார் 120 முதல் 150 டிகிரி சூட்டில் வேகவைத்து, கம்பியை உருவிவிட்டால் பிளாங்க் ரெடி. நாடா விட்ட வரிகளைப் பலர் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஸ்காட் நிறுவனம் தன் பல வரிசைகளில் தேய்க்காமல் அப்படியே விடுகிறது. மேல்புற இழைகள் அறுபடாமல் இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். அந்த வரிகளைக் கையில் தடவிப் பார்த்து 'ஃபினிஷிங் சரியில்லை' என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

விளம்பரங்களில் அதிகம் அடிபடுவது மாடுலஸ், அதாவது இழையின் விறைப்பு. சாதாரண கார்பன் இழை சுமார் 230 கிகாபாஸ்கல். நடுத்தர வகை 290-ஐ ஒட்டியது. ஆசியத் தயாரிப்புகளில் '24 டன்', '30 டன்', '40 டன்' என்று எழுதுவதும் இதையேதான். டன் எண்ணை 9.8-ஆல் பெருக்கினால் கிகாபாஸ்கல் வந்துவிடும். 'ஐ.எம்.6', 'ஐ.எம்.7' போன்றவை ஹெக்ஸல் நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். தொழில் முழுமைக்கும் பொதுவான தர வரிசை அல்ல. இன்னொரு நிறுவனம் தன் ராட்டில் 'ஐ.எம்.12' என்று போட்டுக்கொண்டால் அது தன் இஷ்டத்துக்கு வைத்த எண்.

மாடுலஸ் ஏற ஏற ராட் மேம்படும் என்ற நம்பிக்கைதான் இதில் பெரிய பொறி. விறைப்பு கூடும்போது முறியுமுன் நீளும் தன்மை குறைகிறது. டோரே நிறுவனத்தின் டி700 இழை சுமார் 2.1 சதவீதம் நீண்டு அறும். அதைவிட மிக விறைப்பான எம்40ஜே 1.2 சதவீதத்திலேயே அறுந்துவிடும். அதனால் எந்த நல்ல நிறுவனமும் முழு ராட்டையும் உயர்ந்த மாடுலஸில் செய்வதில்லை. அடிப்பகுதியில் ஒன்று, நுனியில் ஒன்று என்று கலக்கிறார்கள். அந்தக் கலவையும், கோல் எப்படிச் சிறுத்துக்கொண்டு போகிறது என்ற டேப்பரும்தான் வடிவமைப்பாளரின் கைவண்ணம். மலிவு ராட்டில் இழை மோசமாக இருப்பது அபூர்வம். டேப்பரை யோசித்தவர் இல்லாமல் இருப்பதுதான் அதிகம்.

நீளவாக்கில் ஓடும் இழை வளைவைத் தாங்கும், ஆனால் குழாய் நசுங்குவதைத் தடுக்காது. மூங்கிலைப் பிளப்பது சுலபம், குறுக்கே வெட்டுவது கடினம் என்பது போலத்தான் இதுவும். அதற்காக உள்ளே கண்ணாடி இழையிலோ கார்பனிலோ ஒரு குறுக்கு அடுக்கு வைக்கிறார்கள். ராட்டின் எடையைக் குறைக்க இந்த அடுக்கையும் பிசினையும் மெலிதாக்குவதில்தான் கடந்த சில ஆண்டுகளின் ஆராய்ச்சி போயிருக்கிறது. ஹார்டி நிறுவனத்தின் சின்ட்ரிக்ஸ் ராட்களில் நுண்ணிய சிலிக்கா துகள் கலந்த பிசின் வந்ததும் இந்த வழியில்தான். பிசின் வலுவாக இருந்தால் அடுக்கு குறையும், அடுக்கு குறைந்தால் எடை குறையும்.

கோலின் விட்டமும் கவனிக்க வேண்டியது. மெல்லிய சுவருள்ள குழாயின் விறைப்பு, விட்டத்தின் மும்மடியில் ஏறுகிறது. சுவர்த் தடிமன் மாறாமல் விட்டம் பத்து சதவீதம் கூடினால் விறைப்பு ஏறக்குறைய 33 சதவீதம் கூடும். சுவரை மெலிதாக்கி விட்டத்தைக் கூட்டினால் இலேசான, விறைப்பான ராட் கிடைக்கும். ஆனால் எடைக்காக ஒரு டங்ஸ்டன் மணி வைத்த ஃப்ளை பட்டால் அந்தச் சுவர் சுலபமாகக் காயப்படும். உச்ச விலை ராட்கள் 'சும்மாவே உடைகின்றன' என்ற புகாருக்கு அடியில் இருப்பது இந்த ஏற்பாடு. உழைப்பதற்காக மட்டும் ராட் வேண்டுமென்றால் சற்றுக் கனமான நடுத்தர வரிசையே பத்திரம்.

தராசு சொல்லாத எடை

கடையில் ராட்டைக் கையில் எடுத்து 'இறகு மாதிரி இருக்கிறது' என்பது பெரும்பாலும் கைப்பிடியின் எடையை வைத்துச் சொல்வது. வீசும்போது கைக்குத் தெரிவது சுழற்சி எடை. அது தூரத்தின் இருமடியில் ஏறும். கையிலிருந்து 9 அடி தள்ளி நுனியில் 1 கிராம் கூடினால், கையிலிருந்து 1 அடியில் 81 கிராம் வைத்ததற்குச் சமமான எதிர்ப்பு. லைன் சுற்றும் ரீலைப் பூட்டும் ரீல் சீட்டில் 15 கிராம் குறைத்துப் பட்டியலில் சாதனை எடை காட்டுவது எளிது. நுனித் துண்டில் 1 கிராம் குறைப்பதுதான் கடினம், செலவு பிடிக்கும் வேலை. இதனால்தான் 78 கிராம் ராட் ஒன்று 88 கிராம் ராட்டைவிடக் கையில் கனமாகத் தோன்றுவது உண்டு.

வளையங்களின் எடையும் இதே கணக்கில்தான் வருகிறது. நுனிக்கு நெருக்கமான வளையம் எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது. நிக்கல்-டைட்டானியம் கம்பியில் செய்த வளையங்கள் அமுக்கினாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும், இலேசும்கூட. அவற்றுக்குக் கொடுக்கும் விலை வீண் இல்லை.

ஃபெரூல், நூல்கட்டு, கார்க்

துண்டுகள் பூட்டும் இடம்தான் ஃபெரூல். இரண்டு வகை உண்டு. மேல்துண்டின் அடி அகன்று கீழ்த்துண்டின் நுனியைப் போர்த்திக்கொள்வது ஒன்று. பெரும்பாலான ராட்கள் இப்படித்தான். கீழ்த்துண்டிலிருந்து ஒரு திடமான முளை நீட்டி மேல்துண்டுக்குள் போவது மற்றது. முளை வகையில் பூட்டிய பிறகும் சில மில்லிமீட்டர் இடைவெளி தெரியும். அது குறையல்ல, தேய்மானத்துக்காக விட்டது. புது ராட்டிலேயே இடைவெளி இல்லாமல் முட்டிக்கொண்டு நின்றால்தான் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் தேய்ந்தபின் இறுகுவதற்கு இடம் இல்லை.

பூட்டும்போது வளையங்களைக் கால் சுற்று விலக்கி வைத்து, அழுத்திக்கொண்டே திருகி நேர்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பூட்டியபின் லேசாக ஆட்டிப் பாருங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால், அல்லது நான்கு துண்டில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஆழமாகவோ மேலாகவோ நின்றால், அந்த ராட்டைத் திருப்பிக் கொடுங்கள். துண்டுக்குத் துண்டு அளவு மாறாமல் செய்வது தொழிற்சாலையின் ஒழுங்கைக் காட்டும் முதல் அடையாளம். பெரிய பெயருக்குக் கொடுக்கும் காசில் நியாயமான பகுதி இதுதான்.

அடுத்து, பூட்டிய ராட்டின் அடியில் கண்ணை வைத்து நுனிவரை பாருங்கள். நுனித் துண்டில் மெல்லிய வளைவு பெரும்பாலான பிளாங்க்குகளில் இருக்கும். அந்த வளைவு மேலாகவோ கீழாகவோ இருக்கும்படி வளையங்களைக் கட்டியிருந்தால் தொழில் தெரிந்தவர் கட்டியது. பக்கவாட்டில் இருந்தால் அவசரத்தில் கட்டியது. 9 அடி ராட்டில் நுனி வளையம் நீங்கலாக ஒன்பதோ பத்தோ வளையங்கள் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் லைன் வளையங்களுக்கு நடுவே தொய்ந்து கோலில் உரசும்.

வளையங்களைக் கோலோடு பிணைக்கும் நூல்கட்டின் மேல் பூசிய எபாக்ஸிப் பசையில் குமிழி, வளையக்காலின் ஓரத்தில் பசை படாத நூல், இரண்டு சுற்றுக்கு நடுவே தெரியும் கோல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அழகுக்காக அல்ல. அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் போனால் வளையக்கால் துருப்பிடிக்கும், உப்புநீரில் ஒரே பருவத்தில். முதல் வளையத்தில் பீங்கான் உள்வளையம் இருந்தால் பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே சுழற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பஞ்சு இழை சிக்கும். அந்த வெடிப்பு சில நாளில் லைனின் மேலுறையைச் சுரண்டிவிடும்.

கார்க்கில் ஏமாறுவது சுலபம். அரை அங்குலத் தடிமனுள்ள வட்டுகளை ஒட்டித்தான் கைப்பிடி செய்கிறார்கள். 7 அங்குலக் கைப்பிடிக்கு 14 வட்டு. மட்ட ரக வட்டில் இருக்கும் குழிகளைக் கார்க் தூளும் பசையும் கலந்த பூச்சால் அடைத்துத் தேய்த்துவிடுவார்கள். புதிதில் பளபளவென்று இருக்கும். ஒரு பருவம் நனைந்து காய்ந்ததும் பூச்சு உதிரும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடைத்த இடம் நிறம் மாறித் தெரியும். நல்ல கார்க் கிடைப்பது குறைந்துவருவதால் உயர் விலை ராட்களிலும் சிறிது பூச்சு இருக்கத்தான் செய்கிறது. கைப்பிடியின் இரு முனைகளில் கரும்புள்ளியோடு இருக்கும் ரப்பர் கலந்த கார்க் வட்டு சேமிப்புக்காக வைத்ததல்ல. முனை சிதையாமல் இருக்கத்தான்.

ரீல் சீட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உப்புநீருக்கு ஆனோடைஸ் செய்த அலுமினியம், நன்னீருக்கு எதுவானாலும் சரி. திருகு ஆடாமல் இறுகினால் போதும். அழகிய மரச் செருகலுக்குக் கொடுக்கும் பணம் கண்ணுக்கு மட்டுமே.

பெயர்களுக்குப் பின்னால்

ஆர்விஸ் 1856-லிருந்தும், இங்கிலாந்தின் ஆல்னிக் நகரத்து ஹார்டி 1872-லிருந்தும் இயங்குகின்றன. விஞ்ச்டன் 1929-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கி இப்போது மொன்டானாவின் ட்வின் பிரிட்ஜஸில் இருக்கிறது. சேஜ் 1980-ல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கியது. வயதை வைத்து இன்றைய ராட்டை எடைபோட முடியாது. மூங்கிலில் நூறு வருட அனுபவம் கார்பனுக்குத் தானாக வந்து சேராது. இன்று யார் கையில் இருக்கிறது, எங்கே சுருட்டுகிறார்கள் என்பதுதான் பயன்படும் கேள்வி.

சேஜ், ரெடிங்டன், லைன் செய்யும் ரியோ மூன்றும் ஃபார் பேங்க் என்ற ஒரே குழுமம். ராட் செய்யும் ஜி.லூமிஸ், ஷிமானோ நிறுவனத்துடையது. ஹார்டி, பெரிய மீன்பிடிக் கருவிக் குழுமமான ப்யூர் ஃபிஷிங்கின் கையில். இதனால் என்ன பயன் என்றால், ஒரு குழுமத்தில் உச்ச பிராண்டில் கற்றது கீழே இறங்கும். சில ஆண்டு முந்தைய உச்ச வரிசையின் டேப்பர், சற்றுக் கனமான பொருளில் நடுத்தர வரிசையாக வருவது இந்தத் தொழிலில் வழக்கம்.

சேஜ், ஸ்காட் ஆகியவை தங்கள் சொந்த அமெரிக்கத் தொழிற்சாலையில் செய்கின்றன. ஆர்விஸ் தன் உச்ச வரிசையான ஹீலியோஸை வெர்மான்டின் மான்செஸ்டரில் செய்கிறது. தொடக்க வரிசையான கிளியர்வாட்டர் வெளிநாட்டில் தயாராகிறது. டெம்பிள் ஃபோர்க், எக்கோ போன்றவை வடிவமைப்பைத் தாங்களே வைத்துக்கொண்டு, சுருட்டும் வேலையை ஆசியத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கின்றன. 'அங்கே செய்தது மட்டம்' என்பது பழைய பல்லவி. தென்கொரியத் தொழிற்சாலைகளுக்குக் கார்பன் சுருட்டுவதில் பல பத்தாண்டுப் பழக்கம் உண்டு. வீச்சு ஆசிரியர்களில் பெயர்பெற்றவரான டிம் ராஜெஃப் வடிவமைக்கும் எக்கோ ராட்கள், மூன்று மடங்கு விலையுள்ள ராட்டோடு 15 மீட்டர்வரை தோளோடு தோள் நிற்கும். வித்தியாசம் தெரிவது அதற்கு மேல்தான்.

பெயர் தெரியாத பிராண்டில் வரும் சிக்கல் வேறு. ஒரு தொழிற்சாலையின் தயார்ப் பட்டியலிலிருந்து பிளாங்க்கைத் தேர்ந்தெடுத்துத் தன் பெயரைப் பொறித்து விற்பவர்கள் பலர். அதே கோல் மூன்று பெயரில் மூன்று நிறத்தில் கிடைக்கும். முதல் ராட் நன்றாகவே இருக்கலாம். இரண்டு வருடம் கழித்து நுனி உடைந்தால் அந்தத் துண்டு எங்கும் கிடைக்காது.

வாரண்டியும் முறிவும்

கார்பன் ராட் உடையும். எப்போது என்பதுதான் கேள்வி. ஆர்விஸ் 25 ஆண்டு வாரண்டி தருகிறது. மற்றவர்கள் பலர் முதல் உரிமையாளரின் வாழ்நாள் முழுக்க என்கிறார்கள். 'வாழ்நாள்' என்றால் தயாரிப்புக் குறை இலவசம், உங்கள் தவறுக்குக் கட்டணம் என்பதே பொதுவான நடைமுறை. வாங்குமுன் நான்கைக் கேளுங்கள்: ஒரு துண்டுக்குக் கட்டணம் எவ்வளவு, எத்தனை வாரம் ஆகும், முழு ராட்டையும் அனுப்ப வேண்டுமா அல்லது துண்டை மட்டும் அவர்கள் அனுப்புவார்களா, மாடல் நின்றபின் எத்தனை ஆண்டுவரை துண்டு கிடைக்கும். இந்த நான்குக்கும் நேரடியாகப் பதில் சொல்லும் நிறுவனத்தின் நடுத்தர ராட், மழுப்பும் நிறுவனத்தின் உச்ச ராட்டைவிட மேல்.

முறிந்த இடமே காரணத்தைச் சொல்லும். நுனித் துண்டு மூன்றாக உடைந்து இழை சிலாம்புசிலாம்பாக நின்றால், மீன் காலடிக்கு வந்தபின் ராட்டை முதுகுக்குப் பின்னால் சாய்த்திருப்பார்கள். வளைவு முழுவதும் மெல்லிய நுனியில் விழுந்துவிடும். ஃபெரூல் விளிம்பில் நீளவாக்கில் பிளந்திருந்தால் வீச்சின் நடுவே அது தளர்ந்திருக்கிறது. அரைமணிக்கொரு முறை கையால் அழுத்திப் பார்த்தாலே தவிர்க்கலாம். உள்நுழையும் பகுதியில் மெழுகுவத்தியைத் தேய்ப்பதும் உதவும். எந்தச் சுமையும் இல்லாமல் சட்டென்று சுத்தமாக முறிந்தால், முன்பே எங்கோ பட்ட அடி. எடைவைத்த ஃப்ளை கோலைத் தொட்டிருக்கலாம், காரின் கதவு நசுக்கியிருக்கலாம். மேல் பூச்சில் ஒரு புள்ளி அளவுக்குத்தான் தெரியும். அடியில் இழை அறுந்திருக்கும். இதில் எதுவும் பிராண்டின் குற்றமல்ல.

வீசிப் பார்ப்பது

கடையில் ராட்டைக் குலுக்கிப் பார்ப்பதில் தெரிவது ஒன்றே: அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது. மற்றதற்கு லைன் வேண்டும். ஒப்பிடும் எல்லா ராட்டுக்கும் ஒரே ரீல், ஒரே லைன், லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நூலான லீடர் 9 அடி, முனையில் ஃப்ளைக்குப் பதில் ஒரு துண்டுக் கம்பளி நூல்.

முதலில் கிட்டத்தில் வீசுங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 30 அடியில் ஃப்ளை விழ வேண்டுமென்றால் லீடர் 9 அடி, ராட் முன்னே நீட்டி 8 அடி. நுனிக்கு வெளியே இருக்கும் லைன் சுமார் 13 அடிதான். எண் கணக்கிட்ட 30 அடியில் பாதிகூட இல்லை. விறைப்பான ராட் இந்த எடைக்கு வளையவே வளையாது. கையால் தள்ள வேண்டியிருக்கும். சிற்றோடையில் மீன்பிடிக்கிறவருக்கு வேலையே இந்தத் தூரத்தில்தான். அவர் உச்ச விலையில் அதிவேக ராட் வாங்கினால் காசு கொடுத்து அசௌகரியம் வாங்குகிறார். கண்ணாடி இழை ராட்டோ, 63 டிகிரிக்குக் கீழான கார்பனோ அவருக்குப் பாதி விலையில் இருமடங்கு பயன் தரும்.

பிறகு 12 மீட்டர், 18 மீட்டர். 18-ல் நின்று லைனின் லூப்பை, அதாவது காற்றில் அது மடிந்து விரியும் வளைவைக் கவனியுங்கள். வீச்சை நிறுத்தியதும் நுனி மேலும் கீழும் ஆடினால், அந்த ஆட்டம் லூப்பின் கீழ்க்காலில் அலையலையாகத் தெரியும். தூரமும் குறிதவறாமையும் அங்கேதான் போகின்றன. பக்கத்தில் ஒருவரை நிற்கச் சொல்லி, நுனி ஒரே தளத்தில் நேராக ஓடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லலாம். உச்ச ராட்டுக்கும் நடுத்தர ராட்டுக்கும் உள்ள நேர்மையான வித்தியாசம் இந்த இரண்டும்தான். 18 மீட்டருக்கு மேல் வீசவே முடியாதவருக்கு அந்த வித்தியாசம் கைக்கு எட்டாது. அந்தப் பணத்தை நல்ல லைனுக்கும் வீச்சுப் பயிற்சிக்கும் போடலாம். 8-ம் எண் ராட்டோடு கடற்கரைக் காற்றில் நிற்பவருக்குக் கணக்கு தலைகீழ். அங்கே உச்ச ராட்டின் ஒவ்வொரு கிராமும் நாள் முடிவில் தோளில் தெரியும்.

மாடல் மாறும் பருவத்தில் வாங்குவது நல்ல வழி. சேஜின் எக்ஸ் 2016-ல் வந்தது, ஆர்8 கோர் 2022-ல். ஆர்விஸின் ஹீலியோஸ் 3 2018-ல், அடுத்தது 2024-ல். புதியது வந்த மறுநாள் பழையது மோசமாகிவிடுவதில்லை; விலை மட்டும் இறங்குகிறது. பழைய கையிருப்பு ராட்டுக்கு முழு வாரண்டி உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கை ராட் என்றால் வாரண்டி பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும். விலையை அதற்கேற்பப் பேசுங்கள். நான்கு துண்டையும் அருகருகே வைத்து அளந்தால் நீளம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். நுனித் துண்டு மட்டும் ஓர் அங்குலம் குட்டையாக இருந்தால், உடைந்த முனையை வெட்டிப் புது வளையம் ஒட்டியிருக்கிறார்கள். பிறகு பூட்டி, ஃபெரூல்களின் விளிம்பை நகத்தால் ஒரு சுற்று வருடிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு கண்ணைவிட நகத்துக்கு முதலில் தெரியும்.